காலவெளிக்கு லூப் உண்டா?

திருப்பூரில் பனியன் துணிக்கு இரண்டு கணக்கு. ஜிஎஸ்எம் பார்ப்பவர் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று நிறுப்பார். அவருக்குத் துணி இடைவெளியற்ற பரப்பு. லூப் லென்த் பார்ப்பவருக்கோ அதே துணி எண்ணி முடிக்கக்கூடிய லூப்களின் கோவை. காலவெளி குறித்து இயற்பியலில் நடக்கும் வழக்கும் ஏறக்குறைய இதுதான். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் (1915) முதல் கணக்கைப் போட்டது. இரண்டாவதை 'லூப்' குவாண்டம் ஈர்ப்பியல் போடுகிறது. பெயர்ப் பொருத்தத்தைத் திருப்பூர்க்காரர்கள் ரசிக்கலாம். பரப்பும் கன அளவும் படிப்படியாகவே கூட முடியும் என்று 1995இல் இயற்பியலாளர்கள் ரொவேலியும் ஸ்மோலினும் கணக்கிட்டனர். அந்தப் படிகளுக்கு அடிப்படையான பிளாங்க் நீளம், ஒரு மீட்டரை 1-க்குப் பின் 35 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்தால் வருவதைப் போல 1.6 மடங்கு.

இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. கருந்துளையின் மையத்தில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் முடிவிலியைத் தந்து நின்றுவிடுகின்றன. குறைந்தபட்ச அளவு ஒன்று இருந்தால் முடிவிலிக்கு வழி அடைபடும். கருந்துளையின் என்ட்ரோபியையும் எண்ணிச் சொல்லலாம். ஆனால் அந்த என்ட்ரோபிக்கு ஹாக்கிங் முன்பே கண்ட விடை வருவதற்கு ஒரு மாறிலியை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விடையைப் பார்த்துவிட்டுப் போட்ட கணக்குக்கு முழு மதிப்பெண் தர முடியாது.

பெரிய சிக்கல் திசை. சிங்கிள் ஜெர்சி நீளவாக்கைவிட அகலவாக்கில் அதிகம் இழுபடும். ஒழுங்கான பின்னல் திசையைக் காட்டிக்கொடுக்கும். காலவெளி அப்படி இருந்தால் ஒளிக்கும் அது உறைக்க வேண்டும்; ஆற்றலுக்கேற்ப அதன் வேகமும் மாறலாம். 2009 மே 10 அன்று, சுமார் 730 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பை ஃபெர்மி விண்கலம் பதிவுசெய்தது. ஆற்றல் மிகுந்த ஒளித்துகளும் மற்றவற்றோடு ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்தது. ஆற்றலுக்கு நேர்விகிதமாக ஒளிவேகம் மாறும் என்ற மாதிரிகளுக்கு அது பலத்த அடி.

அந்த அடியிலிருந்து தப்பும் வழி, காலவெளியைத் தனித்தனிப் புள்ளிகளாகக் கொண்டு, அவற்றைக் கட்டமாக அடுக்காமல் தாறுமாறாகத் தெளிப்பது. இயற்பியலாளர் சோர்க்கின் முதலான நால்வர் 1987இல் முன்வைத்த காரணக் கணக் (causal set) கோட்பாடு அதைத்தான் செய்கிறது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் சுமதி சூர்யா இதில் ஆய்வு செய்துவருகிறார். அண்டம் வேகமெடுத்து விரிவதை 1998இல் கண்டறியும் முன்பே, அந்த விரிவோடு தொடர்புடைய அண்டவியல் மாறிலியின் அளவைச் சோர்க்கின் ஏறத்தாழச் சரியாக மதிப்பிட்டிருந்தார். இந்தத் துறையில் முன்கூட்டிச் சொல்லிப் பலித்தவை மிகக் குறைவு என்பதால் இதற்கு நான் கூடுதல் எடை தருவேன். குறையும் சிறிதன்று: இப்படி அமையக்கூடிய கணங்களில் பெரும்பாலானவை நாம் வாழும் நாற்பரிமாண வெளியைப் போல இருப்பதே இல்லை.

எனவே இன்றைய நிலையில் தொடர்ச்சிக் கணக்கே செல்லும். லூப்புக்கோ புள்ளிக்கோ நேரடிச் சான்று ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஜெனீவாவின் பெரும் துகள் மோதுவி எட்டும் ஆற்றலைவிட, அந்த அளவை நேரடியாகச் சோதிக்க வேண்டிய பிளாங்க் ஆற்றல் ஏறத்தாழ ஒன்பது கோடி கோடி மடங்கு அதிகம்.