பாலூவின் விக்கெட்டுகளும் தம்பிகளின் கடிதமும்

1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான புனே ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்கள் திருச்செங்கோட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, சி. ராஜகோபாலாச்சாரியார். ஏழு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியவர். இன்னொன்று, பி. பாலூ. வழக்கறிஞர்களும் தலைவர்களும் தொழிலதிபர்களும் நிறைந்த அந்தப் பட்டியலில் அவர் ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்.

பல்வங்கர் பாலூவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை, வெள்ளையரின் பெரிய பேஸ்பால் லீக்குக்குள் நுழைந்த அமெரிக்கக் கறுப்பின வீரரின் பெயரால், இந்தியாவின் ஜாக்கி ராபின்சன் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. சாதிச் சுவரைத் திறமையால் தகர்த்தவர், 1911ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பருவமே அதற்குச் சாட்சி என்பது அந்த வாதம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பருவம் எதைத் தகர்த்தது, எதைத் தொடாமல் விட்டது என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால், புகழ்பெற்ற 1911ஐவிட அதிகம் பேசப்படாத 1920தான் பெரிய பருவம் என்று தெரியவரும்.

முதலில் திறமை எங்கே விளைந்தது என்று பார்ப்போம். பாலூ 1876இல் தார்வாரில் சமார் குடும்பத்தில் பிறந்தார். தந்தை புனேயில் ராணுவத்தில் வேலை பார்த்தார். சிறுவனாகப் பார்சி கிளப் ஒன்றில் மைதானம் பெருக்கி, பிட்ச் உருட்ட மாதம் மூன்று ரூபாய் கூலி. 1892இல் ஐரோப்பியர்களின் புனே கிளப்புக்கு மாறியபோது நான்கு ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, ரோலர் இழுப்பதோடு துரைமார்களுக்குப் பந்து வீசிப் பயிற்சி கொடுப்பதும் அவர் வேலை. ஜே.ஜி. கிரெய்க் என்ற சிறந்த மட்டையாளருக்கு மணிக்கணக்கில் வீசியே அவரது சுழல் கூர்மை பெற்றது. மட்டை பிடிக்க மட்டும் அவருக்கு அங்கே வாய்ப்பு இல்லை. பந்து வீசுவது கூலிக்காரன் வேலை, மட்டை பிடிப்பது கனவான் வேலை என்ற பிரிவினை இங்கிலாந்திலிருந்து வந்தது. அது நம் சாதிக் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்திப்போனது.

புனேயின் இந்து கிளப் ஐரோப்பியரைத் தோற்கடிக்க ஆசைப்பட்டது. கைவசம் இருந்த ஆயுதம் பாலூ. சேர்க்கலாமா என்று தகராறு நடந்து, சேர்த்தார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே, குடித்துவிட்டு எறிந்துவிடும் மண் குவளை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேசை. கொங்கு டீக்கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு சில கடைகளில் தூக்கியெறியும் கப் அந்த இடத்துக்கு வந்ததும் அவர்களுக்குத் தெரியும். கூட விளையாட முடிகிறவர்கள் கூட உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்று சீர்திருத்தவாதி மகாதேவ் கோவிந்த ரானடே சொல்ல வேண்டியிருந்தது.

பிளேக் பரவிய காலத்தில் பாலூ பம்பாய்க்குப் போனார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ரன்களில் வென்றது. அந்த ஆட்டத்தில் பாலூ எடுத்தது எட்டு விக்கெட். தம்பி சிவராமும் ஆடினார். தேசியப் பத்திரிகைகள் கொண்டாடின. அவர்களுக்கு அது இந்தியர் ஆங்கிலேயரை வென்ற செய்தி. சாதி அதில் உபசெய்தி.

இந்தப் பின்னணியோடுதான் 1911ஐ எடை போட வேண்டும். இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்திய அணியில் ஆறு பார்சிகள், ஐந்து இந்துக்கள், மூன்று முஸ்லிம்கள். தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், வயது 19. இந்துக்களில் பாலூவும் சிவராமும் தலித்துகள். முதல்தர ஆட்டங்கள் 14. அணி வென்றது இரண்டு, தோற்றது பத்து. மகாராஜா சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டு விருந்துகளுக்கும் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்கும் நேரம் ஒதுக்கினார். 35 வயது பாலூ ஓயாமல் பந்து வீசினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ரன் கொடுத்து எட்டு விக்கெட். முதல்தர ஆட்டங்களில் மட்டும் 75 விக்கெட், சராசரி 20.12. எல்லா ஆட்டங்களையும் சேர்த்தால் 114. வென்ற இரண்டில் ஒன்றான சாமர்செட் ஆட்டத்தில் ஒரே ஒரு விக்கெட் கையிருக்க இலக்கை எட்டினார்கள். அதில் சிவராம் சதம் அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். தோற்றுத் திரும்பிய அணியில் தோற்காமல் திரும்பியவர்கள் அண்ணனும் தம்பியும்தான். பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் பாலூவுக்கு நடத்திய பாராட்டு விழாவில் கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கரும் பங்குகொண்டார்.

இதைவிடப் பெரிய சாதனையை ஒரு பந்துவீச்சாளரிடம் கேட்க முடியாது. ஆனால் அதற்குக் கிடைத்த கூலி என்ன? இந்துக்களும் பார்சிகளும் ஐரோப்பியர்களும் மோதிய பம்பாய்ப் போட்டி, 1912இல் முஸ்லிம்களும் சேர்ந்ததால் நாற்கோணப் போட்டியானது. இந்து அணியில் ஆண்டுதோறும் தலைமை பற்றிய பேச்சு எழுந்தது, ஆண்டுதோறும் அது பாலூவைத் தாண்டிப் போனது. 1913இல் தலைவராக இருந்த எம்.டி. பை, இந்தப் பெருமை மூத்தவரான பாலூவுக்கே சேர்ந்திருக்க வேண்டும் என்று மேடையிலேயே சொன்னார். அதற்குப் பிறகும் எதுவும் மாறவில்லை. ஆக, விக்கெட்டுகள் அணிக்குள் இடம் வாங்கித் தந்தன, பதவி வாங்கித் தரவில்லை. வேலை செய்ய ஆள் வேண்டும், அந்த ஆளின் சொல்லுக்குக் கட்டுப்பட முடியாது. பண்ணையத்தில் நாம் பார்த்த அதே ஏற்பாடு மைதானத்தில் வெள்ளை உடை அணிந்து நின்றது.

1920இல் பை உடல்நலக் குறைவால் முதல் ஆட்டத்துக்கு வர முடியவில்லை. பாலூவை அணியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அடுத்து நின்றவர் தம்பி விட்டல். அன்றைய இந்து அணியின் மிகச் சிறந்த மட்டையாளர்களில் ஒருவர். அவரைவிட்டுப் புனேயின் கல்லூரி ஆசிரியர் டி.பி. தேவதரைத் தலைவராக்கினார்கள். தேவதரும் பெரிய ஆட்டக்காரர்தான். பிற்காலத்தில் அவர் பெயரில் தேசியக் கோப்பையே வந்தது. ஆனால் மூப்பிலும் அனுபவத்திலும் விட்டல் முன்னே இருந்தார். விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினார்கள். காரணத்தை மறைக்காமல், சாதிதான் என்று கடிதம் எழுதினார்கள். அது பம்பாய் கிரானிக்கிளில் வெளிவந்தது.

கிளப் நிர்வாகம் இறங்கி வந்தது. பார்சிகளுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்பினார்கள். 44 வயதில் பாலூ துணைத் தலைவரானார். பை வேண்டுமென்றே சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேற, அந்த நேரத்தில் பாலூ அணியை நடத்தினார். கால் நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்தது அந்தச் சில மணி நேரம். ஆனால் அடைத்திருந்த கதவு திறந்துவிட்டது. 1923இல் விட்டல் தலைவர். ஐரோப்பியர்களை வென்று கோப்பையை வாங்கியபோது மேல்சாதி ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இனி ராபின்சன் ஒப்பீட்டுக்கு வருவோம். இதே 1920ஆம் ஆண்டின் பிப்ரவரியில்தான் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் கறுப்பினத்தவருக்கான தேசிய பேஸ்பால் லீக்கைத் தொடங்கினார். வெள்ளையரின் பெரிய லீக்குகள் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் சொந்தமாக அணிகளும் கால அட்டவணையும் அமைத்தார்கள். உரிமையாளர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், காசு கொடுத்துப் பார்த்தவர்களும் அவர்களே. ராபின்சன் 1945இல் ஆடியது அந்த லீக்கில் வளர்ந்த கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்குத்தான். 1947இல் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குப் போனபோது, டாட்ஜர்ஸ் மொனார்க்ஸுக்கு ஒரு காசும் தரவில்லை. பிறகு கறுப்பர் லீக்குகள் மெல்லச் சரிந்தன.

ஆகவே ராபின்சன் ஒப்பீடு இரண்டு இடத்தில் உடைகிறது. ராபின்சன் வெளியிலிருந்து உள்ளே வந்தவர். பாலூ முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்து, உள்ளேயே ஒதுக்கப்பட்டவர். அமெரிக்காவில் நிறம் இரண்டு மைதானங்களை உண்டாக்கியது. இங்கே ஒரே மைதானம், இரண்டு குவளை. அடுத்து, ராபின்சனுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது. பல்வங்கர் சகோதரர்களுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை, தங்கள் ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளும் உரிமையைத் தவிர. இந்த வேறுபாட்டின் விலை இன்றும் தெரிகிறது. கறுப்பர் லீக்குகளின் ஆட்டக் கணக்குகளை 2024இல் அமெரிக்காவின் பெரிய லீக் தன் பதிவேட்டில் சேர்த்தது. கறுப்பர் லீக் வீரர் ஜாஷ் கிப்சனின் 0.372 மட்டைச் சராசரி, பெரிய லீக்கின் டை காப்பை முந்தி முதலிடத்துக்கு வந்தது. அங்கே தேடி எடுக்க ஆவணம் இருந்தது, கேட்டு வாங்க ஆட்கள் இருந்தார்கள். 33 முதல்தர ஆட்டங்களில் 15.21 சராசரியில் 179 விக்கெட் எடுத்த பாலூவின் கணக்கும் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. எண்ணைச் சொல்லிக் கேட்பதற்கு ஓர் அமைப்புதான் இல்லை.

ஏன் தலித் அணி என்று ஒன்று உருவாகவில்லை? பம்பாய்ப் போட்டி மத அடிப்படையில் அமைந்தது. இந்துக்கள் ஒரே அணியாக நிற்க வேண்டும், வெல்லவும் வேண்டும். எண்ணிக்கைக்கும் வெற்றிக்கும் பாலூ இந்து, தேநீருக்கு அவர் தீண்டத்தகாதவர். 1932இல் புனே ஒப்பந்தத்தில் முடிந்த தனி வாக்காளர் தொகுதி வழக்கும் இதுதான்: பிரிந்து நின்று பலம் சேர்ப்பதா, உள்ளே நின்று பங்கு கேட்பதா? அம்பேத்கர் முதலாவதைக் கேட்டுப் பிறகு விட்டுக்கொடுத்தார். பாலூ இரண்டாவதன் பக்கம் நின்றார். 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலூ 11,225. ஒரு காலத்தில் ஐரோப்பியருக்கு எதிராகப் பயன்பட்டவர் இப்போது தன் மக்களின் தலைவருக்கு எதிராகப் பயன்பட்டார் என்று சொன்னால் அது கடுமையான தீர்ப்புத்தான். அவர் மனமொப்பி எடுத்த நிலை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் சென்னை சட்டமன்றத்தில் ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவர முயன்றவர். 1933இல் வைஸ்ராய் அனுமதி மறுத்தார். அதே சுப்பராயன் பின்னால் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவரானார். அவர் பதவிக்காலத்தில்தான் மத அடிப்படையிலான பம்பாய்ப் போட்டி வேண்டுமா என்ற சண்டை உச்சத்தில் இருந்தது. 1940இல் காந்தியும் எதிராகப் பேசினார். 1946இல் போட்டி நின்றது. மதங்களுக்கு இடையிலான கோட்டைப் பற்றி நாடே பேசியது. இந்து அணிக்குள் இருந்த கோட்டை அந்த விவாதம் பெரிதாகத் தொடவில்லை.

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். 1906ம் 1911ம் இல்லாவிட்டால் 1920 கடிதத்துக்கு எடை இருந்திருக்குமா? இருந்திருக்காது. இடத்தை நிரப்ப முடியாதவர்கள் விலகினால்தான் விலகல் வலிக்கும். காந்தியின் வருகையால் தீண்டாமை தேசியப் பிரச்சினையாகிக்கொண்டிருந்த நேரம் அது என்பதும் உண்மை. பத்தாண்டு முன்பு எழுதியிருந்தால் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். ஆனால் திறமை இருந்தும், மறுப்பு இல்லாத காலம் முழுவதும் எதுவும் நகரவில்லையே. பாலூ வாயைத் திறக்காமல் விக்கெட் எடுத்த வரை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. 2001இல் வந்த 'லகான்' படத்தின் தீண்டத்தகாத சுழற்பந்து வீச்சாளன் கச்ராவும் அப்படித்தான். அவனை அணிக்குள் சேர்ப்பது நாயகனின் பேச்சு, அவன் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சாதியால் அணிக்கு வெளியே நிறுத்தப்படும் ஆட்டக்காரனை மையத்தில் வைத்த 'லப்பர் பந்து' படம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

என் முடிவு இது. 1911 இந்தியக் கிரிக்கெட்டின் மிகச் சிறந்த தனிமனிதப் பருவங்களில் ஒன்று. சாதிக்கு எதிரான வெற்றி என்று அதைச் சொல்வது மிகை. அந்தப் பெயருக்கு உரியது 1920. அன்று சகோதரர்கள் ஒரு பந்தும் வீசாமல், ஒரு ரன்னும் எடுக்காமல் அணியை மாற்றினார்கள். அந்த வெற்றியும் ஒரு குடும்பத்தோடு நின்றது. அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்த ரூப் ஃபாஸ்டர் கட்டியதுபோல் ஓர் அமைப்பு இங்கே எழவில்லை. மைதானத்தில் சாதி இல்லை என்று நம் பக்கத்து டோர்னமென்டுகளில் மைக் பிடித்துச் சொல்பவர்கள் ஸ்கோர்போர்டைக் காட்டினால் போதாது. அணித் தலைவர் யார், தேர்வுக் குழுவில் யார், ஆட்டம் முடிந்து யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று காட்ட வேண்டும்.