கத்தரிக்கோலும் கறிவேப்பிலையும்

மேடைப் பேச்சுகளிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் நெடுநாளாய் உலவிவரும் கதை ஒன்றுண்டு. கூட்டைத் துளைத்து வெளிவரத் திணறிய பட்டாம்பூச்சியைக் கண்டு ஒருவர் இரங்கினாராம்; கத்தரிக்கோலால் கூட்டை வெட்டிவிட்டாராம்; வெளிவந்த பூச்சியோ சிறகு விரியாமலே கிடந்து மடிந்ததாம். இடுக்கு வழியே நெருக்குண்டு வரும்போதுதான் உடலின் நீர் சிறகுக்கு ஏறுமாம். ஆகவே, 'உதவாதீர்; போராட விடுங்கள்' என்பது கதை தரும் நீதி.

இக்கதையின் சிறப்பை நாம் மறுக்க வேண்டியதில்லை. சுருக்கமானது, ஒருமுறை கேட்டவர் மறவாதது, அவசர இரக்கத்தின் தீங்கை எடுத்துக்காட்டுவது. பருவம் முதிருமுன் கூட்டைப் பிரித்தால் உள்ளிருக்கும் உயிர் கெடும் என்பதும் உண்மையே. ஆயினும் உவமை என்ற அளவில் இதனை நிறுத்துப் பார்க்கும் கடமை இலக்கிய வாசகருக்கு உண்டு. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே உவமை தோன்றும் என்றார் தொல்காப்பியர். இக்கதை வினையையும் பயனையும் நம்பி நிற்பது. வினையையே பிழையாகக் கண்டிருந்தால் பயன் என்னாகும்?

நெய்யூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் கறிவேப்பிலை இதற்கு விடை சொல்லும். கருஞ்சிறகில் வெண்புள்ளி வரிசை கொண்ட பட்டாம்பூச்சியின் இனம் அதன் தளிரில் ஒவ்வொன்றாய் முட்டையிடும். சில நாளில் வெளிவரும் புழு, முதலில் பறவையின் எச்சம் போலத் தோன்றும். நான்கு முறை தோலுரித்துப் பச்சை நிறம் கொள்ளும். பிறகு ஒரு கொம்பைத் தேர்ந்து, பட்டிழையால் சிறு திண்டு நெய்து வால்நுனியை அதில் பதிக்கும். இடையைச் சுற்றி ஓர் இழையைக் கச்சாகக் கட்டிச் சாய்ந்துகொள்ளும். கடைசித் தோலையும் கழற்றியபின் அது கூட்டுப்புழு. அதன்மேல் பட்டுக்கூடு ஏதுமில்லை; இறுகிய மேலுறையே கூடு. கதை சொன்னவர் பட்டுப்பூச்சியின் கூட்டைப் பட்டாம்பூச்சிக்கு மாட்டிவிட்டார்!

உள்ளே புழுவின் உடல் பெரிதும் கரைந்து புதிதாய் உருப்பெறும். ஏறத்தாழ இரு வாரத்தில் உறை வெடிக்கும். பூச்சி சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். அப்போது அதன் சிறகுகள் நனைந்த துணி போலச் சுருங்கியிருக்கும். உடனே அது ஒரு கொம்பைப் பற்றித் தொங்கி, உடலின் குருதிநீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தும். சிறகு விரிவது அப்போதுதான். உலர்ந்து உறுதிப்பட மேலும் நேரம் ஆகும். பற்றிடம் கிடைக்காமல் கீழே விழுந்துவிட்டால், மடிந்த சிறகு மடிந்தபடியே இறுகிப்போகும்.

கதை சொல்வதற்கு நேர்மாறானது நடப்பு. இடுக்கின் நெருக்கம் சிறகை விரிக்கவில்லை. முயற்சி பூச்சியினுடையது, அம்முயற்சி பலிக்க வேண்டியது ஒரு கொம்பு.

இது வெறும் அறிவியல் திருத்தம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு ஒரு கூட்டத்துக்கு வந்த தந்தைக்கு, இக்கதையே விடையாகச் சொல்லப்பட்டதை நான் கேட்டேன். கூடியிருந்தோர் தலையசைத்தனர். அவரோ தலைகுனிந்து வெளியேறினார். பிழையான உவமை ஈயாதவனுக்கு ஞானி வேடம் போட்டுவிடுகிறது.

2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது தமிழ் மறவன். அதன் புழு உண்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரடிமுத்து மரத்து இலையை. அம்மரத்தின் விதை எண்ணெய்தான், 1940களில் புது மருந்துகள் வரும்வரை, தொழுநோய்க்குப் பரவலாக வழங்கப்பட்ட மருந்து. புழுவுக்கு உணவான மரமே மனிதனுக்கும் பற்றுக்கோடாயிற்று. 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி, ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளரையும் ஏற்றுக்கொண்ட நெய்யூரில் வாழும் நாம், 'தானே போராடி எழட்டும்' என்ற நீதியை ஐயமின்றி ஏற்பது எங்ஙனம்?

கதையைக் கைவிடுங்கள் என்று எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் கேட்கவில்லை. அடுத்த முறை சொல்லுமுன், ஒருநாள் காலை கறிவேப்பிலை அருகே பொறுமையாய் நின்று பாருங்கள். கத்தரிக்கோலை விலக்கியவர் கொம்பையும் ஒடித்துவிடாதிருக்க வேண்டும். அந்தத் தந்தை கேட்டு வந்தது ஒரு கொம்பைத்தான்.