சிதம்பரமும் சித்திர எழுத்தும்

கல்யாணப் பத்திரிகைகளிலும் ஜவுளிக்கடைப் பலகைகளிலும் ஒரு வகை எழுத்து இப்போது கொடிகட்டிப் பறக்கிறது. தூரிகையை ஒரே வீச்சாக வீசி எழுதியதுபோல் தோன்றும். எழுதியது என்னவோ கம்ப்யூட்டர். ஓரிடத்தில் பருத்து, ஓரிடத்தில் இளைத்து, வால்களைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். அழகில்லை என்று சொல்லமாட்டேன். படிக்கிறவனுக்கு அந்த அழகு கொஞ்சம் இடம் விட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

பரீட்சைக்கு இரண்டு ஊர்ப்பெயர்கள் போதும். 'கடலூர்' என்று எழுதிப் பாருங்கள். அந்த 'லூ' சித்திரக்காரனுக்கு விருந்து. வாலை எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். கடைசி எழுத்தின் தலையில் புள்ளி இருப்பதால், கீழே சாய்கோடு இல்லாவிட்டாலும் அது 'ர்' என்று தெரிந்துவிடும். பழைய ஈய அச்சிலேயே அப்படிப் போட்டதுண்டு. ஆனால் 'சிதம்பரம்'? அங்கே ரகரத்துக்குப் புள்ளியில்லை. காலடியிலுள்ள சிறுகோட்டை நளினத்துக்காக விழுங்கிவிட்டால், ஊர் 'சிதம்பாம்' ஆகிறது. முதலெழுத்தின் மேல்விலங்கைச் சற்றுக் கூடுதலாகச் சுழித்தாலோ 'சீதம்பாம்'! பரதம் கற்றுத்தரும் இடத்துப் பலகையும் இதே கணக்கில் 'பாதம்' ஆகிவிடும். பாதமில்லாமல் பரதமில்லை, வாஸ்தவந்தான்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. ஓலைச்சுவடியில் காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம், புள்ளியும் வைப்பதில்லை. ஆனால் சுவடியைப் படித்தவர் புலவர். பாட்டில் பாதி அவருக்கு மனப்பாடம். பஸ் ஜன்னல் வழியாகப் பலகை படிக்கிறவனுக்கு அந்தச் சௌகரியம் ஏது?

எழுத்தாணி கீறும் கோடு ஏறக்குறைய ஒரே பருமன். பருமனும் மெலிவும் பட்டை நிப்பும் தூரிகையும் கொண்டுவந்தவை. எங்கே பருக்க வேண்டும் என்பதை ஓலை சொல்லாது. ஓவியன் கைதான் தீர்மானித்தது. தொடர்கதைத் தலைப்பைப் பத்திரிகை ஓவியரே எழுதிய காலத்தில், ஒரே தலைப்பில் வரும் இரண்டு 'க'வும் ஒன்றுபோல் இரா. இப்போது இரண்டும் அச்சு அசல் ஒன்று. வீச்சை மறுபடியும் அப்படியே வீசினால் அது வீச்சா? 1953-இல் பிரான்ஸில் ரோஜர் எக்ஸ்கோஃபோன் அமைத்த 'மிஸ்ட்ரால்' என்ற அச்செழுத்து கையெழுத்துப்போல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடும். ஆங்கிலத்தைச் சேர்த்தெழுதுவது வழக்கம். தமிழில் அது அவ்வளவாக இல்லை. இங்கே ஒவ்வோர் எழுத்தும் தனியாகத்தான் ஆடவேண்டும், பக்கத்து எழுத்தின் காலை மிதிக்காமல்.

நடராஜர் கோவில் கிழக்குக் கோபுர வாயிலில் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. உடல்கள் வில்லாக வளைகின்றன. அருகே நாட்டிய சாஸ்திர சுலோகங்கள் கிரந்தத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துக்கள் ஆடவில்லை.

மணமக்கள் பெயருக்கு இந்தச் சித்திர எழுத்து பொருந்தும். இரண்டே சொற்கள், பெரிய அளவு. பெயரோ உறவினருக்கு முன்பே தெரியும். மண்டபத்தின் விலாசத்தையும் முகூர்த்த நேரத்தையும் அதிலேயே பொடியாக அடுக்குகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. 'திருப்பாதிரிப்புலியூர்' பதினொரு எழுத்து. அதைச் சுழிகளிலிருந்து மீட்டு வழி கேட்டுப் போகிறவர் முகூர்த்தத்துக்கு வந்து சேருவது சந்தேகம். பந்திக்கு வந்துவிடலாம்.