பிரம்பு போன இடத்தில் சிரிப்பு

மத்தியானச் சாப்பாடு முடிந்த ஐந்தாவது பீரியட். எட்டாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம். மாப்பிள்ளை பெஞ்சில் ஒருவன் தலை ஆடி ஆடி, கடைசியில் டெஸ்க்கிலேயே சாய்ந்துவிட்டது. சார் குரலை உயர்த்தவில்லை. “அசோகர் சாலையோரமா மரம் நட்டார்னுதான் சொன்னேன். அதுக்குள்ள ஒருத்தர் நிழல்ல படுத்துட்டார் பாருங்க” என்றார். வகுப்பே சிரித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவனும் சிரித்தான். பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பின்னால் தேர்வில் அசோகர் செய்த பணிகளைக் கேட்டபோது, எங்களில் ஒருவரும் மரத்தை மறக்கவில்லை.

இதைத் தற்செயலான சாமர்த்தியம் என்று தள்ளிவிட முடியாது. டெட்ராய்ட் நகரில் முரட்டுச் சிறுவர்களோடு பணியாற்றிய ஃபிரிட்ஸ் ரெட்ல், டேவிட் வைன்மன் இருவரும் 1952இல் வெளியிட்ட நூலில், நகைச்சுவையால் இறுக்கத்தைக் கரைப்பதைத் தனி உத்தியாகவே சேர்த்தார்கள். இஸ்ரேலிய உளவியலாளர் அவ்னர் ஸிவ் 1988இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தோடு ஒட்டிய நகைச்சுவையுடன் படித்த கல்லூரி மாணவர்கள் தேர்வில் மற்றவர்களை முந்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் வாதிட மாட்டேன். ‘பாடத்தோடு ஒட்டிய’ என்ற நிபந்தனையைத்தான் பிடித்துக்கொள்கிறேன். அசோகர் மரத்தில் கேலி இருந்தது. ஆனால் அது தூக்கத்தின் மேல் விழுந்தது, தூங்கியவன் மேல் விழவில்லை.

அடிதடிக்கும், ஒரு பிள்ளையை நாலு பேர் சேர்ந்து சீண்டுவதற்கும் இந்த வழி உதவாது. அங்கே ஆசிரியர் சிரித்தால், அடிபட்டவனுக்கு யாருமில்லை என்றாகிவிடும்.

இதைவிடப் பெரிய கேடு வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பிரம்பைக் கீழே போட்ட பலருக்கு இரண்டாவது பாதி காதில் ஏறவில்லை. பிரம்பின் வேலையை நாக்கு செய்கிறது. அதே சார்தான் இன்னொரு நாள், பதில் சொல்லத் தாமதித்த ஒருவனை “டியூப்லைட்” என்றார். அன்றும் வகுப்பு சிரித்தது, அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சார் ஏமாந்தார் என்று இன்று தோன்றுகிறது. நாற்பது பேர் சிரிக்கும்போது தனியாக அழ எந்தப் பிள்ளைக்குத் துணிவு வரும்?

சார் அந்த வார்த்தையை மறுநாளே மறந்திருப்பார். நாங்கள் விடவில்லை. பல வருடம் கழித்து அவன் கல்யாண மண்டப வாசலில் நண்பர்கள் வைத்த ஃப்ளெக்ஸில், மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் அதுதான் இருந்தது.