செட்டில்மென்ட் பணம் எதை ஈடுகட்டுகிறது?

2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் அப்போது ஏறக்குறைய 2,600 நிரந்தரத் தொழிலாளர்கள். ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் என்று இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய லைன் 2022 ஜூலையில் நின்றது. "வேலையைக் கொடு" என்று தொடங்கிய கோரிக்கை அதற்குள்ளாகவே "ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள்?" என்று சுருங்கிவிட்டிருந்தது. ஜி.எஸ்.டி. சாலை டீக்கடைகளில் அந்த மாதங்களில் 115, 121, 130 என்று வெறும் எண்களாகப் பேசினாலே போதும், எல்லோருக்கும் விளங்கும்.

அந்த எண்களின் கணக்கு இதுதான். பணியாற்றிய ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் இத்தனை நாள் மொத்தச் சம்பளம். ஆலை மூடப்பட்டால் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் வரையறுத்த இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம். ஃபோர்டு தொழிலாளர்களுக்கு முடிவில் கிடைத்தது சராசரியாக 130 நாள். ஒருவர் 15 ஆண்டு வேலை பார்த்தார், மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அவருக்கு ஏழரை மாதச் சம்பளம், அதாவது நாலரை லட்சம். 130 நாள் கணக்கில் 65 மாதச் சம்பளம், 39 லட்சம். பி.எஃப்., கிராஜுவிட்டி தனி.

இந்திய ஆலை மூடல்களின் வரலாற்றில் இது பெரிய தொகை. அதை நிர்வாகம் தானாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. 2022 மே 30-இல் தொடங்கிய வேலைநிறுத்தமும், தொழிலாளர் துறை முன்னிலையில் மாதக்கணக்கில் நடந்த பேச்சும் அதை ஏற்றின. இந்த முறையின் முதல் பலம் அதுதான்: சட்டம் போட்ட கோடு தரை மட்டுமே, சங்கம் இருக்கும் இடத்தில் அதற்கு மேல் எழும்ப முடியும். இரண்டாவது பலம், குறைந்தபட்சத் தொகை ஒன்றை 30 லட்சத்துக்கு மேலாக நிர்ணயித்தது. அதனால் பணிக்காலம் குறைவானவர்கள் நட்டாற்றில் விடப்படவில்லை. மூன்றாவதாக, மொத்தமாகக் கைக்கு வந்த பணத்தில் வீட்டுக் கடனை அடைத்துத் தலை நிமிர்ந்த குடும்பங்கள் சிங்கப்பெருமாள் கோவிலிலும் கூடுவாஞ்சேரியிலும் உண்டு. மாதாமாதம் யாரிடமோ போய் நிற்க வேண்டியதில்லை. அந்தக் கண்ணியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனாலும் இந்தக் கணக்கின் அடிப்படையே எனக்கு உறுத்துகிறது. அது பின்னோக்கிப் பார்க்கிறது. எத்தனை ஆண்டு உழைத்தாய் என்று கேட்கிறதே தவிர, இன்னும் எத்தனை ஆண்டு உழைக்க வேண்டியிருக்கிறது என்று கேட்பதில்லை. மேலே சொன்ன தொழிலாளிக்கு வயது 40 என்றால், 58 வரை இன்னும் 18 ஆண்டு. 39 லட்சத்தில் இழப்பீட்டுக்கான வரிவிலக்கு வரம்பு வெறும் 5 லட்சம். மீதி அந்த ஒரே ஆண்டின் வருமானமாகக் கணக்கில் ஏறி, உயர்ந்தபட்ச வரி விகிதத்தைத் தொடும். வருமான வரிச் சட்டத்தின் அன்றைய 89-ஆவது பிரிவு கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. வரி போக மிஞ்சுவதில் 30 லட்சத்தை அப்படியே 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டாலும் மாதம் 17,500 ரூபாய்தான் வரும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும் வீட்டில் 60,000 இருந்த இடத்தை 17,500 நிரப்பாது. வேலை தேடிப் போனால் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கேட் வாசலில் கூப்பிடுவது இருபது வயதுப் பயிற்சியாளர்களையும் காண்ட்ராக்ட் ஆட்களையும். பாடி ஷாப்பில் பதினைந்து ஆண்டு தேர்ந்த கைக்கு அங்கே மீண்டும் தொடக்கச் சம்பளம்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை இதே சூத்திரத்தின் இன்னொரு குறையைக் காட்டியது. 2006-இல் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பர் 1-இல் நின்றது. எவருக்கும் ஒன்பது ஆண்டுப் பணிக்காலம்கூட இருந்திருக்க முடியாது. பணிக்காலத்தால் பெருக்கும் எந்தக் கணக்கும் இளம் தொழிலாளர்களுக்குச் சிறிய தொகையைத்தான் தரும். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து, வாடகை அறைகளில் தங்கியிருந்த இளம் பெண்கள். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் கலைந்து போனார்கள். அடுத்த மாதமே அதே வளாகத்தில் ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, கணக்குக்குள்ளேயே வராதவர்கள். கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், கம்பெனி பஸ், சரக்கு ஏற்றி இறக்குதல் என்று ஒப்பந்தக்காரர் வழியாக உள்ளே வந்தவர்களுக்கு 130 நாளும் இல்லை, 115 நாளும் இல்லை. காகிதத்தில் அவர்கள் ஃபோர்டின் ஆட்களே கிடையாது. உதிரி பாகம் செய்து கொடுத்த வெண்டார் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து ஷிஃப்ட் வெட்டுப்பட்டவர்களின் நிலையும் அதுதான். இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தோர் உதவித்தொகை உண்டு, ஆனால் 2018-இல் வந்த அடல் பீமித் திட்டம் தருவது அதிகபட்சம் 90 நாளுக்கு. நிரந்தரத் தொழிலாளிக்கோ மாதம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டிய சம்பளம் என்பதால் அந்த வாசலும் அடைப்பு.

நிவாரணத்தோடு கூடவே வரும் கையெழுத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஜூனில், வேலைக்குத் திரும்பச் சம்மதித்துக் கையெழுத்திட்ட முந்நூறு பேர் ஒரு பக்கம், வெளியே நின்றவர்கள் ஒரு பக்கம் என்று ஒரே ஆலையின் ஆட்கள் பிரிந்தார்கள். பசித்தவனிடம் பணத்தை நீட்டி ஒப்புதல் வாங்குவது பழைய வழக்கம்தான். 1662-இல் ஸ்காட்லாந்தில், மீண்டும் நிறுவப்பட்ட ஆயர் ஆட்சியை ஏற்காத திருச்சபைப் போதகர்கள் ஏறத்தாழ 270 பேர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கினர், தங்கள் பதவிகளை இழந்தார்கள். 1669-இல் அரசு சிலரைத் திரும்ப அனுமதித்தபோது, ஆயரின் ஒப்புதலைப் பெறுபவருக்கு ஊதியம் என்றும், மறுப்பவருக்குக் குடியிருப்பும் அதைச் சேர்ந்த நிலமும் சிறு பராமரிப்புத் தொகையும் என்றும் வைத்தது. வெளியேற்றப்பட்டவர்களின் ஒற்றுமை அதில் உடைந்தது. சலுகையை ஏற்றவர், ஏற்காதவர் என்ற பிளவு அவர்களுக்குள் நெடுங்காலம் நீடித்தது. இங்கேயும் அப்படித்தான்: பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் போனவர்கள் பற்றி ஊரில் சொல்வார்கள்.

அதே ஸ்காட்லாந்துதான் பின்னாளில் வேறு வழி கண்டது. 1744-இல் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்ற இரு போதகர்கள், கணித அறிஞர் கோலின் மெக்லாரினின் உதவியோடு, போதகர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நிதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு போதகரும் ஊழியத்தில் இருக்கும்போதே ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். துயரம் வந்தபின் யாருடைய இரக்கத்தையும் எதிர்பார்க்காமல், வருமுன்னரே சேர்த்த பணம் அது.

நம் சட்டம் இந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு ஆளாகும் ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊதியத்தைத் திறன் மேம்பாட்டு நிதியாக முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது. அடியெடுத்து வைத்ததை வரவேற்கிறேன். ஆனால் 15 நாள் சம்பளத்தில் நாற்பது வயதுக்காரர் எந்தத் தொழிலைக் கற்பார்? அதே தொகுப்பு, மூடுவதற்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் ஆலைகளின் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300-ஆக உயர்த்திவிட்டது. இந்தத் தொழில் வட்டாரத்தில் இருக்கும் நடுத்தர வெண்டார் கம்பெனிகள் பலவற்றுக்கு இது திறந்த வாசல்.

குஜராத்தின் சனந்தில் நடந்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபோர்டு ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியபோது, தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு வேலையும் சேர்ந்தே கைமாறியது. மறைமலை நகருக்கு அப்படியொருவர் வரவில்லை. சனந்தில் வேலை கிடைத்தது, இங்கே பணம் கிடைத்தது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வாய் என்று கேட்டிருந்தால் இங்கிருந்தவர்களில் மிகப் பலர் வேலையைத்தான் கேட்டிருப்பார்கள். போராட்டத்தின் முதல் கோரிக்கையே அதுதானே.

2025 அக்டோபரில் தமிழக அரசும் ஃபோர்டும் அதே மறைமலை நகர் ஆலைக்குப் புதிய ஒப்பந்தம் போட்டன. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின், 600-க்கு மேற்பட்ட வேலைகள், 2029-இல் உற்பத்தி. அரசு தரும் ஒவ்வொரு சலுகைக்கும் பதிலாக அது கேட்க வேண்டியவை: முதல் எஞ்சின் இறங்கும் நாளிலிருந்தே மாதச் சம்பளத்தோடு ஒரு வெளியேற்ற நிதிக்கும் கம்பெனி பணம் கட்டுவது, ஒப்பந்தத் தொழிலாளரையும் அதில் சேர்ப்பது, வயதையும் மிச்சமிருக்கும் உழைப்பாண்டுகளையும் வைத்து அதைக் கணக்கிடுவது. பழைய லைனில் நின்றவர்களுக்கு அந்த 600 இடங்களில் முன்னுரிமை தருவதும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.