தையற்காரர் இல்லாத தேசம்

ஆண்களின் உடையைப் பற்றி எழுதுவோர் இரண்டு வகை. ஒருவர் அதற்காக ஊதியம் வாங்குபவர். விளம்பரம் தருபவரின் மனம் கோணாமல் எழுதப் பழகியவர். மற்றவர் ஆர்வத்தால் எழுதுபவர். காலர் மடிப்பையும் நூலின் தரத்தையும் கணக்காகச் சொல்பவர். யார் எழுத்து மேல் என்ற வாதத்தில் நான் இரண்டாமவர் பக்கமே சாய்வேன். அந்தச் சாய்வு மட்டும் போதுமா என்று யோசிக்க வைப்பது முத்துக்குளித்துறை பற்றிய ஒரு பழைய நூல்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுத்தாளர் அல்ல, வெனிஸ் வணிகர். 1298இல் ஜெனோவாச் சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பீசா நகரத்து ருஸ்டிச்செல்லோ. ஆர்தர் மன்னன் கதைகளை எழுதிக் கைதேர்ந்தவர். அமெச்சூரின் கண்ணும் தொழில்முறை எழுத்தாளரின் கையும் சேர்ந்த நூல் அது.

மாபார் எனப்பட்ட இந்நாட்டில் எல்லோரும் அம்மணமாகத் திரிவதால் தையற்காரரே இல்லை என்கிறது அந்நூல். தைக்காத துணி அதன் கண்ணில் உடையே அல்ல. மன்னரும் இடுப்பில் ஒரு துணியோடுதான் இருக்கிறார். ஆனால் அவர் கழுத்தில் பட்டுக் கயிற்றில் கோத்த 104 மணிகள், பெரிய முத்துகளும் மாணிக்கங்களுமாக. அவர் நாள்தோறும் சொல்ல வேண்டிய வேண்டுதல்களின் எண்ணிக்கை அது என்று விளக்கமும் வருகிறது. இப்படி எண்ணிப் பார்ப்பது வணிகரின் பழக்கம் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. மன்னரையும் குளியாளையும் பிரிப்பது துணி அல்ல, முத்து. குளித்தெடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்குப் போனதையும் நூல் சொல்கிறது. 2019 மெட் காலாவில் ஹாரி ஸ்டைல்ஸ் காதில் ஒற்றை முத்து தொங்கியதைப் புதுமையாகக் கொண்டாடியவர்கள், ஆண்கள் முத்தணிந்த இந்த நெடிய வரலாற்றையும் அதற்காக மூச்சடக்கியவர்களையும் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

ஆனால் பெண்களிடம் வரும்போது அதே கணக்கு அவர்களைப் பொருளாக்குகிறது. முத்தை எண்ணிய கையோடு மனைவியரையும் எண்ணி ஐந்நூறு என்கிறது நூல். தம்பியின் மனைவியை மன்னர் பறித்துக்கொண்டார் என்றும் சொல்கிறது. அவள் பெயரைச் சொல்லவில்லை.

மன்னரின் திறந்த மார்பு அவர் மதிப்பைக் குறைக்கவில்லை. பக்கத்துத் திருவிதாங்கூரிலோ, மேலாடை அணிந்ததற்காக நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகே 1859இல் அரச ஆணை வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2014 ஜூலையில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் ஒரு மன்றத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. வேட்டிக்கு நியாயம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். மேலாடை காத்திருந்த காலத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவே.

ஆகவே தொழில்முறையா, அமெச்சூரா என்பதோடு நம் கேள்வி நிற்க முடியாது. ஆண் உடையைப் பற்றி யார் எழுதினாலும், அதை நூற்றவர், தைத்தவர், துவைத்தவர் அந்த எழுத்தில் இருக்கிறார்களா என்று தேடுவோம். தையலின் நேர்த்தியை அத்தனை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, தைத்த கையைப் பார்ப்பது கடினமில்லை.