நிறமும் நோக்கும்: மாணவர் ஒளிப்படங்கள் பற்றிய ஒரு குறிப்பு

மாணவரின் ஒளிப்படச் செயற்றிட்டங்களிற் படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஒரு பொருளுக்கு மட்டும் நிறம் விடும் உத்தி பெருகியுள்ளது. உத்தி பழையதே. ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ (1925) திரைப்படத்தில் ஐசன்ஸ்டீன் கொடிக்கு மட்டும் சிவப்புத் தீட்டினார். அது கிளர்ச்சியின் நிறம். ஸ்பீல்பேர்க்கின் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993) படத்திற் சிவப்பு மேலங்கியாலேயே யூதச் சிறுமியின் பிணத்தை நாம் இனங்காண்கிறோம். ஈரிடத்தும் நிறம் கதைப்பொருளிலிருந்து பிறந்தது.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் சேலைக்கு மட்டும் நிறம் விட்டு, ஒளிமாறுபாட்டையும் மிகைப்படுத்தும் மாணவர் படத்திலோ, இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் அழிகின்றன. அவற்றுடன் முகத்தின் களைப்பும் கைகளின் வெடிப்பும் இருளில் அமிழ்கின்றன. எஞ்சுவது உல்லாசப் பயணிகளுக்கான தபாலட்டை அழகே. நாம் உத்தியை மறுக்கவில்லை. எதற்கு நிறம் அளிக்கிறோம் என்பதோடு, யாரை இருளில் விடுகிறோம் என்பதையும் மாணவர் வினவுதல் வேண்டும் என்கிறோம்.